பஞ்சா, உறையா?

மைனி எதையும் தனியாக வாங்கியவள் இல்லை. களியக்காவிளைத் துணிக்கடையில் அவள் ஒரு சேலையைக் கையில் எடுத்துவிட்டால் கடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அன்று வேலை வந்துவிடும். பக்கத்தில் வேட்டி பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் கேட்பாள். பிள்ளைக்குச் சட்டை எடுக்க வந்த பெண்ணிடம் கேட்பாள்.

"எக்கா, இது எனக்குச் சேருமா? இல்ல அந்தச் செவப்பா? மனசில உள்ளத சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவர்களும் வந்த காரியத்தை மறந்துவிட்டுச் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்ப்பார்கள். தங்களுக்குள் சண்டை போடுவார்கள். கடைசியில் ஒருமனதாகச் சிவப்பு என்பார்கள். மைனி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அதுவரை யாருமே பிரித்துப் பார்க்காத ஒரு சாம்பல் நிறச் சேலையை எடுத்துக்கொண்டு பில் போடப் போவாள். "பின்ன என்னத்துக்கு நம்மட்ட கேட்டா?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

மைனி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அவள் மைனிதான். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அண்ணன் ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்றுக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் பெரியம்மாவையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மைனி லீவில் வருவாள். வந்த மறுநாளே கேள்விகள் ஆரம்பித்துவிடும். மூத்தவளைத் தமிழ்ப் பள்ளியில் விடுவதா மலையாளப் பள்ளியில் விடுவதா, தலைமுடியை வெட்டுவதா வளர்ப்பதா, குளியலறைக்குக் கதவு தகரமா மரமா. பஸ் கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே ஒரு அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சீட்டுக்குப் போவார்.

ஒரு லீவில் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியில் விரலுக்கு மை வைத்த ஆபீசரிடம், "சாருக்கு என்ன தோணுது, ஆருக்குப் போடலாம்?" என்று கேட்டுவிட்டாள். பாவம், அவர் எந்த ஊர்க்காரரோ. "சேச்சி, அது பறஞ்ஞால் என்டெ ஜோலி போகும்" என்று, சொன்னால் வேலையே போய்விடும் என்பதாக மலையாளத்தில் சொல்லிக் கைகூப்பினார். மைனிக்கு அன்று முழுக்க மனக்குறைதான். ஒரு சின்ன விஷயம் கேட்டால் இப்படியா பயப்படுவார்கள் என்றாள்.

வீட்டு கேட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று சபை போதகரிடம் கேட்டதும் உண்டு. போதகர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாள் யோசித்து, வெள்ளை என்று சொன்னார். அதற்கான காரணங்களையும் சொன்னார். மைனி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுக் கத்தரிப்பூ நிறம் அடித்தாள். அதன்பிறகு போதகர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு போனார்.

எனக்கே பொறுக்கவில்லை. "மைனி, நீங்க ஆளுகளக் கிண்டல் செய்யுதியளா?" என்று கேட்டேன்.

அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "இல்ல மக்கா. எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. வேண்டாதது தெரியும். போதகர் வெள்ளைன்னு சொன்னப்பம் உள்ள இருந்து ஒண்ணு 'அது வேண்டாம்'னு சொல்லிச்சு. அதக் கேக்கதுக்காக்கும் நான் நாலு பேருட்ட கேக்குதது. அவங்க பேசல்லன்னா எனக்குள்ள உள்ளதும் பேசாது."

இந்த விளக்கத்தை ஊருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. தங்கள் அபிப்பிராயத்தை அவள் எதற்குப் பயன்படுத்துகிறாள் என்று தெரிந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு, யாரிடமும் கேட்கவே முடியாத ஒரு விஷயம் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு லீவு அது. முந்தின வருடம் அங்கே அவளுக்கு மஞ்சள்காமாலை வந்திருந்தது. ஆள் பாதியாகத்தான் வந்து இறங்கினாள். ஒருநாள் காலையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நான் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். நான் மெட்ராசில் படித்தவள், ஆகவே எதைக் கேட்டாலும் திடுக்கிட மாட்டேன் என்பது அவளுடைய நம்பிக்கை. நான் அங்கே படித்தது பொருளாதாரம். திடுக்கிடத்தான் செய்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்க மாரு ரெண்டும் எறங்கிப் போச்சு மக்கா" என்றாள், உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல. "ரெண்டு பிள்ளைக்கும் பால் குடுத்தாச்சு. பின்ன இந்தக் காமாலை வந்து உள்ளதும் வத்திப் போச்சு. குளிச்சிட்டு கண்ணாடிக்கு முன்ன நின்னா வேற ஆரையோ பாக்குதது போல இருக்கு. திருவனந்தபுரத்தில ஒரு சர்ஜனப் போய்ப் பாத்தேன்."

சர்ஜன் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, உள்ளே சிலிக்கோன் பையை மட்டும் வைத்து நிறைப்பது. தழும்பு சிறியது, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். ஆனால் தொங்கல் முழுவதும் மாறாது. பையின் பாரத்தில் நாளடைவில் இன்னும் இறங்கினாலும் இறங்கும். மற்றது, பையையும் வைத்து, கூடுதலாக இருக்கும் தோலை வெட்டி, மேலே தூக்கித் தைப்பது. அது வடிவாக நிற்கும். ஆனால் தழும்பு அதிகம், ஆறவும் நாளாகும். எது வேண்டும் என்று யோசித்து வியாழக்கிழமை வந்து சொல்லச் சொல்லியிருந்தார். லீவு முடிவதற்குள் எல்லாம் ஆறியாக வேண்டும். இந்த முறை விட்டால் அடுத்த லீவுக்கு இன்னும் இரண்டு வருடம்.

"வேற ஆளுக்குன்னா நான் அரமணிக்கூர் விளக்கிச் சொல்லுவேன்" என்றாள். "எனக்குன்னு வந்தப்பம் ஒண்ணும் தோணல்ல. நீ சொல்லு. வைச்சா போதுமா, தூக்கவும் வேணுமா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

"உன் ஒருத்திட்ட கேட்டா எனக்கு எப்பிடிப் போதும்? நாலு பேருட்ட கேக்கண்டாமா?"

போதகரிடம் கேட்கலாமே என்றேன். ஈரத் துண்டால் ஒரு அடி விழுந்தது.

பெரியம்மா அன்று தலையணைகளை வெயிலில் போட்டிருந்தாள். மைனி அதில் ஒன்றை இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்கினாள். பழைய தலையணை. மேல் பாதி வெறும் துணியாகச் சுருங்க, பஞ்சு முழுவதும் சரிந்து அடியில் போய்த் தங்கியது. அவள் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்தபோது அவள் முகத்தில் பழைய களை வந்திருந்தது. கேட்பதற்கு வழி கிடைத்துவிட்டது.

முதலில் மாட்டிக்கொண்டவள் காரோடு ஊரிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா. மைனி மீனைப் பார்க்கவே இல்லை. "எக்கா, ஒரு பழைய தலகாணி உண்டு. பஞ்சு கொறஞ்சு போச்சு, உறையும் அயஞ்சு தொளதொளன்னு ஆச்சு. பஞ்சு மட்டும் நிறைச்சா போதுமா, இல்ல உறையையும் வெட்டித் தைக்கணுமா?"

மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்தாள். "உறைய என்னத்துக்குத் தொடணும்? நல்லா குத்தி நிறைச்சா மதி, அதே போதும். பிள்ளே, பொம்முன்னு இருக்கும். கல்யாண வீட்டுத் தலகாணி போல இருக்கும்."

மைனியின் நெற்றி கொஞ்சம் சுருங்கியது. தலையாட்டிவிட்டு அரைக்கிலோ சாளை வாங்கினாள்.

அடுத்தது சபையின் பெண்கள் சங்கம். ஜெபம் முடிந்து டீ வந்ததும் மைனி பொதுவாகத் தலையணைப் பேச்சை எடுத்துப் போட்டாள். இப்படி ஒரு வரவேற்பு எந்த வேதபாடத்துக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை. காரியதரிசி ஒரு டீச்சர். அவர் கறாராகச் சொன்னார். "அயஞ்ச உறையில பஞ்சு குத்தினா எல்லாம் கொஞ்ச நாளையில அடியில போய்க் கூடும். வெட்டித் தைக்கதுதான் முறை." அப்படியே சர்ஜனின் வார்த்தை. மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெட்டினா தையல் வெளிய தெரியும்லா?" என்றாள் ஒருத்தி.

"அடிப்பக்கமா தச்சா ஆருக்கும் தெரியாது" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டிலயும் ஒரே அளவு பஞ்சு போடணும், கேட்டியா? எனக்க வீட்டில ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. என்ன செஞ்சாலும் ஒக்கல்ல."

என் டீ மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது சிரிப்புச் சத்தம் இல்லை. சங்கத்தில் மூத்த ஒரு அம்மா பேசிக்கொண்டிருந்தார். கெட்ட மனசுக்காரர் இல்லை. தலையணையைப் பற்றித்தான் பேசினார்.

"பிள்ளைக வளந்தாச்சு. நீ இருக்கது அக்கரையில. இனி அந்தத் தலகாணி எப்பிடிக் கிடந்தா என்ன மக்கா? ஆரு வந்து பாக்கப் போறா?"

மற்றவர்கள் அதுவும் சரிதான் என்பதுபோல் டீயைக் குடித்தார்கள். மைனி தன் கிளாசைக் குடிக்காமலே கீழே வைத்தாள். வீட்டுக்கு நடக்கும் வழியில் அவள் எனக்கு முன்னால் வேகமாகப் போனாள். ரப்பர் தோட்டத்தைத் தாண்டும்போதுதான் நின்றாள்.

"ஆரு வந்து பாக்கப் போறாளாம். நான் பாக்கமாட்டேனா? தினமும் பாக்குதது நானாக்கும்."

இதற்குள் செய்தி பெரியம்மாவுக்குப் போய்விட்டது. போன செய்தி, அவள் வீட்டுத் தலையணைகள் படுக்க லாயக்கில்லை என்று மருமகள் சபை நடுவில் சொல்லிவிட்டாள் என்பது. "எனக்க வீட்டுத் தலகாணிக்கு என்ன கேடு? அதச் சபையில கொண்டு வச்சு விளம்பணுமா?" பெரியம்மா கத்தவில்லை. காரியத்தில் இறங்கினாள். அம்பூரியில் இருக்கும் தம்பிக்கு ஆள் அனுப்பி ஒரு சாக்கு இலவம்பஞ்சு வரவழைத்தாள். மெத்தை தைக்கிறவரைக் கூப்பிட்டு வீட்டிலுள்ள எல்லாத் தலையணையையும் அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் போதும் என்று நிறுத்தும்போதெல்லாம் "இன்னும் குத்தும் வேய்" என்று பக்கத்தில் நின்றாள். சாக்கு காலியான பிறகுதான் விட்டாள்.

மறுநாள் அண்ணனுக்குக் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினான். பிள்ளைகள் தலையணையைக் கீழே தள்ளிவிட்டு வெறும் பாயில் தூங்கினார்கள். பெரியம்மா மட்டும், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, இப்படி ஒரு உறக்கம் உறங்கி எத்தனை நாளாச்சு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மைனியைப் பார்த்து, "இப்பம் திருப்தியா?" என்றாள். மைனி தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, நல்லாயிருக்கு மாமி என்றாள்.

அந்தக் கல் தலையணைகளைப் பற்றி எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் புதன்கிழமை மத்தியானம் மைனி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு எல்லாம் தெரியும். அவனிடம் மறைக்கவில்லை. அன்று காலையும் நேராகவே கேட்டிருக்கிறாள், வைத்தால் போதுமா, தூக்கவும் வேண்டுமா என்று. திரும்பாத கழுத்தோடு அவன் சொன்ன பதில், "நீ எப்பிடி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

"ஒண்ணுதானாம்" என்றாள் மைனி. "நல்ல மனுசன். ஸ்நேகத்திலயாக்கும் சொன்னாரு, எனக்குத் தெரியும். ஆனா அது ஒரு அபிப்பிராயமா? வெள்ளைன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லலாம். ஒண்ணுதான்னு சொன்னா நான் என்னத்தச் சொல்லுவேன்? எனக்கு ஒண்ணுதான் இல்ல மக்கா. அவரு அப்பிடிச் சொன்னப்பம், நான் ஆசப்படுதது ஒரு கிறுக்கு போல ஆச்சு."

எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. அவன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வந்தது. ஊருக்கெல்லாம் ஊசி போட்டு, முகம் தெரியாத மனிதர்களின் புண்ணையெல்லாம் கழுவி, வீட்டுக்கு வேண்டியதெல்லாம் செய்தவள் தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்கிறாள். அதைக் கேட்பதற்கே ஒரு தலையணைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பின்ன நாளைக்குப் போகண்டாம்னு வச்சா?"

நான் அவளுக்குக் காப்பி போட எழுந்தேன். என்ன சொன்னாலும் அது அவளுக்குள் போய் எங்கே முட்டும் என்று யாருக்குத் தெரியும். அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு, "இல்ல, போகணும். நீயும் வா" என்றாள்.

வியாழக்கிழமை பாறசாலையில் பாசஞ்சர் ரயில் ஏறினோம். எதிர் சீட்டில் ஒரு பெண் மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்து, யாராவது பேச மாட்டார்களா என்று எங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். மைனி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நெய்யாற்றுப் பாலம் வந்தபோதும் போனபோதும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமை வந்துவிட்டது, அவளிடம் இன்னும் பதில் இல்லை.

சர்ஜன் எங்களை உட்காரச் சொன்னார். "எந்து தீருமானிச்சு, சிஸ்டர்?"

"டாக்டருக்கு என்ன தோணுது?" என்றாள் மைனி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் சிரித்தார். கேட்டதால் சொல்கிறேன் என்று ஆரம்பித்து நிதானமாகச் சொன்னார். அவளுக்கு இருக்கும் தொங்கலுக்குப் பை மட்டும் வைப்பது சரிவராது, இரண்டும் சேர்த்துச் செய்வதுதான் நல்லது. பையும் முன்பு இருந்ததைவிட ஒரு அளவு கூட்டியே வைக்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் இருந்ததைவிட வடிவாக இருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து மாதிரிக்கு வைத்திருந்த பை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மைனி அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் இரண்டு தடவை அசைத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

அந்த முகத்தைத் துணிக்கடையில் பார்த்திருக்கிறேன். கடையில் எல்லோரும் சிவப்பு என்று சொல்லி முடிக்கும்போது வரும் முகம். மீன்கார அக்கா பொம்மென்று இருக்கும் என்று சொன்னபோது நெற்றி சுருங்கியதும், டீச்சர் உறையை வெட்டித் தைப்பதைப் பற்றிச் சொன்னபோது சுருங்காததும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"பை வேண்டாம் டாக்டர்" என்றாள். "உறைய மட்டும் அளவாத் தச்சா போதும்."

"உறையோ?" என்றார் டாக்டர்.

மைனிக்கு முகம் சிவந்துவிட்டது. மலையாளத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள். "தூக்கித் தைக்கது மட்டும் செய்தா போதும். உள்ள வேற ஒண்ணும் வைக்கண்டாம். உள்ளது போதும்."

அப்படியும் செய்யலாம்தான், தாராளமாகச் செய்யலாம் என்றார் டாக்டர். ஆனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இடம் சரியாகும், நிறைவு வராது. மேல்பக்கம் ஒட்டித்தான் இருக்கும். பார்க்கச் சின்னதாக இருக்கும், பிறகு வருத்தப்படக் கூடாது.

"சின்னதா இருக்கட்டு டாக்டர். அது எனக்கதாக்கும்."

டாக்டர் மாதிரிப் பையை இழுப்பறையில் வைத்தார். அவசரமில்லை, வீட்டில் எல்லோரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு நாளைக்குச் சொன்னாலும் போதும் என்றார்.

மைனி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேக்கதுக்கு இனி ஆரும் பாக்கி இல்ல டாக்டர். நீங்கதான் கடைசி."